கலியாண வீட்டுக்கு எந்த லென்ஸ்?



கமரா ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு உறவினர் வீட்டுக் கலியாணத்தில் விடுதலை கிடையாது. என் ராத்தா ஒருநாள் வவுனியாவுக்கு வந்து, "தம்பி, மகள்ட கலியாணத்துக்கு நீயே படத்த எடு. ஸ்டூடியோக்காரருக்குக் குடுக்கிற காசுக்கு வலீமாவுக்கு இன்னும் ரெண்டு ஆடு அறுக்கலாம்" என்றார். மத்ரஸாவில் நஹ்வும் ஸர்பும் நடத்துகிற எனக்கு, படம் எடுப்பது ஓய்வு நேரப் பொழுதுபோக்குத்தான். ஆனாலும் மறுக்க முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. தண்ணீரூற்றில் எங்கள் வீட்டு முன்சுவரில் தொங்கிய உம்மா வாப்பாவின் கலியாணப் படம் அங்கேயே நின்றுவிட்டது. உடுத்த உடுப்போடு புத்தளம் போன குடும்பங்களில் சட்டம் போட்ட படத்தைச் சுமந்து போனவர் எத்தனை பேர்? போர் 2009 இல் முடிந்த பின் திரும்பி வந்து பார்த்தோம். படம் இருக்கட்டும், அது தொங்கிய சுவரே இல்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். தமிழ்ச் சகோதரர்களும் 2009 இல் அல்பங்களை வழிநெடுகப் போட்டுவிட்டே நடந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணப் படம் பழுதாகப் போனால், போனது ஒரு படம் மட்டுமல்ல என்று நான் நினைப்பது அதனால்தான்.

உருவப்படம் பற்றிய மஸ்அலாவில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. கமராவைத் தூக்குமுன் வீட்டாரிடம், முக்கியமாகப் பெண்கள் பக்கத்தில், அனுமதி கேட்டுவிடுங்கள். எங்கள் கலியாணத்தில் பெண்கள் அறைக்குள் கமராவோடு போனது என் மகள்.

இனி விஷயத்துக்கு வருவோம். லென்ஸுக்கு அரபியில் 'அதஸா' என்று பெயர். 'அதஸ்' என்றால் பருப்பு. நாம் தினமும் ஆக்கும் மைசூர்ப் பருப்பின் இனந்தான். ஸூரா பகராவில் பனூ இஸ்ராயீலர் கேட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. நடு தடித்து ஓரம் மெலிந்த கண்ணாடிக்கு அந்தப் பெயர் பொருந்திவிட்டது. லத்தீனிலும் 'லென்ஸ்' என்றால் பருப்புத்தான்! பஸராவில் 965 அளவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்பதைக் 'கிதாபுல் மனாழிர்' நூலில் சோதனைகளால் நிறுவினார். இருட்டறையில் சிறு துவாரத்தின் வழியே ஒளி வரும் விதத்தையும் ஆராய்ந்தார். நம் கையிலிருக்கும் கமராவும் ஓர் இருட்டறையே.

கலியாண வீட்டில் முதலில் இல்லாமற் போவது ஒளி. கமராவோடு சேர்ந்து வரும் 18-55 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 55 வரை நீட்டினால் துவாரம் எஃப் 5.6 அளவுக்குமேல் திறக்காது. எஃப் 1.8 வரை திறக்கும் ஒரு 50 மி.மீ. லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முதலாவதில் பத்தில் ஒரு விநாடி தேவைப்படும் இடத்தில், இரண்டாவதில் நூறில் ஒரு விநாடி போதும். பத்தில் ஒரு விநாடிக்குள் மாப்பிள்ளை தலையை அசைத்துவிடுவார், படம் கலங்கிவிடும். 'லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே' என்பீர்கள். அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை, மாப்பிள்ளையின் அசைவை அல்ல.

பள்ளிவாசலில் குழல் விளக்கு இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஐம்பதில் அல்லது நூறில் ஒரு விநாடி வைத்தால் படத்தில் கோடுகள் விழுவது குறையும்.

அப்படியானால் 50 மி.மீ. வாங்கிவிட்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆரம்பகாரரின் கமராக்களில் பெரும்பாலும் சென்சார் சிறியது. கெனனில் 1.6, நிக்கொனில் 1.5 மடங்கு என்று கணக்கு. அவற்றில் 50 என்பது 80 அல்லது 75 போலக் குறுகிய பார்வையைத்தான் தரும். ராத்தா வீட்டு அறையில் பின்னே போகப் போக என் முதுகு சுவரில் முட்டியது, மணமகளின் முகமும் தோளும் மட்டுமே படத்தில் விழுந்தன. அத்தகைய அறைக்கு 35 மி.மீ. எஃப் 1.8 தான் தோது. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால், என் தேர்வு அதுவே.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். நிகாஹ் நேரம் வலீயும் மாப்பிள்ளையும் கை பிடித்து ஈஜாப் கபூல் சொன்னார்கள். ஒளி குறைவு என்று துவாரத்தை எஃப் 1.8 இல் முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் முகம் கண்ணாடி போலத் தெளிவு. அவருக்கு ஒரு முழம் பின்னால் இருந்த மச்சானின் முகம், மகளைக் கட்டிக் கொடுக்கும் தகப்பனின் முகம், பஞ்சு போலக் கரைந்துவிட்டது. அந்த நிமிடம் திரும்பி வராது. இரண்டு பேர் முன்பின்னாக இருந்தால் எஃப் 4 அளவுக்கு மூடுங்கள், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். படத்தில் மணல் தூவியது போல இருந்தாலும் பரவாயில்லை. மணலுக்குள் முகம் இருக்கும், கரைந்த முகத்தை யாரும் மீட்க முடியாது.

குடும்பப் படத்துக்கு அந்தச் சாதாரண 18-55 தாராளம். வெளியே பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வையுங்கள். 18 இல் வைத்துக் கிட்ட நின்று எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் மாமியின் முகம் பூசணிக்காயாக இழுபடும், பிறகு அவர் உங்களோடு பேசமாட்டார். பின்னே நடந்து போய் 35 அளவில் எடுங்கள். நீலத் தறப்பாள் பந்தலுக்குக் கீழே ஆட்களை நிறுத்தாதீர்கள். முகமெல்லாம் நீலம் பாய்ந்துவிடும். பிளாஷை மேலே திருப்பி அடித்தாலும் தறப்பாளின் நிறந்தான் திரும்பி வரும்.

70-200 எஃப் 2.8 என்ற பெரிய லென்ஸை ஸ்டூடியோக்காரரிடம் பார்த்து ஆசைப்படுவோர் உண்டு. ஒன்றரைக் கிலோ கனம். 2022 இல் ரூபா விழுந்த பிறகு அதன் விலையைக் கேட்கவே வேண்டாம். வீட்டுக் கலியாணத்துக்கு அது தேவையுமில்லை.

பாவித்த லென்ஸ் வாங்குவோர் ஒரு டோர்ச்சைக் கொண்டு போங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தால், சிலந்தி வலை போலப் பூஞ்சணம் இருந்தால் தெரிந்துவிடும். நம் மாரிமழையில் அது இலேசாகப் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்தால் தப்பலாம். நிக்கொனின் 3000, 5000 வரிசைக் கமராக்களில் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள் தாமாகக் குவியம் பிடிக்காது என்பதையும் மறவாதீர்கள். கச்சான் காற்றில் புழுதி பறக்கும் முற்றத்தில் நின்று லென்ஸைக் கழற்ற வேண்டாம். முடிந்தால் முதல்நாளே, நிகாஹ் நடக்கும் அதே நேரத்தில் அங்கே போய்ச் சும்மா நாலு படம் எடுத்துப் பாருங்கள்.

ராத்தாவின் மகளின் படங்களில் அறுபதை அச்சிட்டோம். ஒரு தொகுதி தண்ணீரூற்றில் இருக்கிறது. இன்னொரு தொகுதியைப் புத்தளத்திலுள்ள சாச்சி வீட்டு அலுமாரியில் வைக்கச் சொன்னது உம்மாதான். "ரெண்டு ஊர்ல இருக்கட்டும்" என்றார்.