வழிமறித்துக் கொடுப்பவர்கள்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் வீதி மாத்தளை மாவட்டத்தை ஊடறுத்துப் போகிறது. அதன் வழியே வந்தவர்கள் எதைக் கண்டு வியந்தார்கள், அவர்களுக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள், யாருக்குக் கிடைக்காமல் போனது?

பொசன் நாட்களில் ஏ-9 வீதியில் மாத்தளையைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் நேரம் பார்த்துப் புறப்படுவதில் பயனில்லை. எந்த வளைவில் யார் வழிமறிப்பார்கள் என்று சொல்ல முடியாது. இளைஞர்கள் கொடியும் கையுமாக நடுவீதிக்கே இறங்கிவிடுவார்கள். பஸ் நிற்கும். லொறி நிற்கும். அவசரமாக ஹோர்ன் அடிக்கும் வேன்காரரையும் சிரித்துக்கொண்டே ஓரங்கட்டச் சொல்வார்கள். "அக்கே, மல்லி, இறங்குங்க, சாப்பிட்டுப் போங்க" என்று சிங்களமும் தமிழுமாகக் குரல் வரும். கூடாரத்துக்குள்ளே கிடாரத்தில் சோறு வெந்துகொண்டிருக்கும்.

வழியில் போகிறவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் இதுதான் தன்சல். வெசாக், பொசன் ஆகிய பௌத்தப் பண்டிகைகளில் இலங்கை முழுவதும் நடப்பது. மாத்தளை வழியில் அதற்குத் தனி மவுசு உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மகிந்த தேரர் பௌத்தத்தைக் கொண்டு மிகிந்தலைக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஜூன் மாதப் பௌர்ணமியைப் பொசன் என்று கொண்டாடுகிறார்கள். மலைநாட்டிலிருந்து மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் யாத்திரை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மாத்தளை, நாலந்தா, நாவுல, தம்புள்ளை என்று போகும் இந்த வீதிதான் வழி.

ஓரிடத்தில் சோறும் பருப்பும். இன்னோரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் உறைப்பான சம்பலும். கடலைத் தன்சல், ஐஸ்கிரீம் தன்சல், பெலிமல் எனப்படும் வில்வப் பூவை வேகவைத்து இறக்கிய பானத்தைச் சக்கரைத் துண்டோடு கொடுக்கும் தன்சல் என்று வகை வகையாக இருக்கும். பிள்ளைகள் எங்கே ஐஸ்கிரீம் என்று விசாரித்துக்கொண்டே வருவார்கள்.

பார்க்கிறவருக்கு இது ஒரு நாள் கூத்து. செய்கிறவருக்கு அப்படியில்லை. ஊர்ச் சங்கமோ தெருவோர இளைஞர் கூட்டமோ வாரக்கணக்கில் வீடு வீடாகப் போய்க் காசு சேர்க்க வேண்டும். கடைக்காரர் ஒருவரிடம் அரிசி மூட்டை, இன்னொருவரிடம் தேங்காய், மர ஆலைக்காரரிடம் விறகு என்று கேட்டு வாங்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரையும் சமைக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போவார். விடிய முன் அடுப்பு மூட்ட ஒருவர், வெங்காயம் உரிக்க நாலு பேர், கடைசியில் கிடாரம் கழுவ யாராவது. அன்பு என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிற காரியத்துக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

வரிசையில் நிற்பவர் எந்த மதம், எந்த மொழி என்று எவரும் கேட்பதில்லை. பஸ் கிளம்பிய பிறகு கொடுத்தவருக்கு வாங்கியவரைத் தெரியாது, வாங்கியவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது. கைம்மாறு செய்யலாம் என்றாலும் முகவரி கிடையாது.

சுவரில் எழுதியவர்கள்

கொடுத்தவர்கள் பெயர் எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்துக்கு வந்து வியந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்த எழுத்து அழியவில்லை.

தம்புள்ளையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் சீகிரியா. காசியப்ப மன்னன் (கி.பி. 477–495) தந்தையைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான் என்றும், தம்பிக்குப் பயந்து இந்தப் பாறையின் மேல் மாளிகை எழுப்பினான் என்றும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 180 மீற்றர் அளவுக்கு உயர்ந்து நிற்கும் பாறை அது. அதன் இடுப்பில் ஓடும் நடைபாதையின் ஓரத்தில் செங்கல்லால் கட்டி, சாந்து பூசி, பளபளக்கத் தேய்த்த மதில் ஒன்று இருக்கிறது. கண்ணாடிச் சுவர் என்று பெயர்.

மன்னன் போனபின் அந்த இடம் துறவிகள் கைக்கு வந்தது. பார்க்க வருகிறவர்களும் பெருகினார்கள். பாறைக் குகையில் தீட்டப்பட்டிருந்த பெண் ஓவியங்களை அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கையிலிருந்த எழுத்தாணியால் சுவரில் நாலு வரி கீறினார்கள். பெரும்பாலும் செய்யுள். துறவிகள் எழுதினார்கள், படைவீரர்கள் எழுதினார்கள், பெண்களும் எழுதினார்கள். தன் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டவர்கள் உண்டு. ஓவியப் பெண்களின் அழகில் சொக்கிப் போனவர்கள் உண்டு. இத்தனை தூரம் ஏறி வந்தும் இவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

அரசனின் வெற்றியையும் கொடையையும் பொறித்த கல்வெட்டுகள் இலங்கையில் நிறைய உண்டு. வழிப்போக்கர் ஒருவர் "இதைப் பார்த்தேன், பிடித்திருந்தது" என்று தன் போக்கில் சொல்லிவிட்டுப் போன பதிவு இந்த அளவுக்கு வேறெங்கும் திரண்டிருப்பது அரிது. தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 செய்யுள்களைப் படித்தெடுத்து 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பழைய சிங்களச் செய்யுளின் நடையை அறிய அறிஞர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகிறார்கள். ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றில் ஓர் அத்தியாயத்தையே சுற்றுலா வந்தவர்கள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வியப்பதற்கு ஓவியம் மட்டும்தான் என்றில்லை. பாறையின் அடிவாரத்துத் தோட்டத்தில் துளையிட்ட சுண்ணாம்புக்கல் தட்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. பலர் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். நல்ல மழை பெய்து குளங்கள் நிரம்பும் காலத்தில் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் பீறிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. உயரத்துக் குளத்திலிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியே இறங்கும் நீரின் அழுத்தம் மட்டுமே. 1,500 ஆண்டுப் பழைய நீரூற்று இன்றும் வேலை செய்கிறது.

இன்று கண்ணாடிச் சுவரில் யாரும் எழுத முடியாது. சட்டப்படி குற்றம். 1967இல் யாரோ இரவோடு இரவாக ஓவியங்கள் மீது சாயத்தை அப்பிச் சிதைத்த பின் காவலும் இறுகிவிட்டது. 2015இல் நண்பர்களோடு சுற்றுலா வந்த இளம் தொழிலாளிப் பெண் ஒருவர் ஊசியால் தன் பெயரைச் சுவரில் கீறினார். நீதிமன்றம் விதித்தது இரண்டு ஆண்டுச் சிறை. மரபுச் சின்னத்தைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆனால் விவரமறியாமல் செய்த ஒரு கீறலுக்கு இரண்டு ஆண்டா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. இரக்கம் காட்டச் சொல்லிப் பல தரப்பிலிருந்தும் குரல் எழுந்தது. சில வாரங்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு அளித்தார். அந்தப் பெண் வீடு போய்ச் சேர்ந்தார்.

வெள்ளைக்கொடி கட்டிய தெரு

திருவிழாவும் சுற்றுலாவும் இல்லாத சாதாரண நாட்களில் மாவட்டத்தின் உட்கிராமங்களுக்குப் போனால் சில தெருக்களில் இரு மருங்கும் வெள்ளைக்கொடிகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். சாவு வீடு. பெட்டி வருமுன்பே கொடி கட்டியாகிவிடும். கட்டுவது குடும்பத்தார் அல்ல, ஊர் மரணாதார சங்கம்.

மாதச் சந்தா சிறு தொகைதான். அதற்கு ஈடாகச் சங்கம் கூடாரம் அடிக்கும், கதிரைகள் இறக்கும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற ஆள் நிறுத்தும், குடும்பத்தின் கையில் ஒரு தொகையும் கொடுக்கும். எலக்கடுவை, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இதே வழக்கம் வேறு உருவில் நடக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அன்று அந்த வீட்டில் அடுப்பெரியாது. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் சமைத்து எடுத்துவந்து, "சாப்புடுங்க அக்கா, நீங்க விழுந்துட்டா புள்ளைகள யாரு பாக்குறது" என்று உட்கார வைத்து ஊட்டாத குறையாகப் பரிமாறுவார்கள்.

யாரும் நிறுத்தாத காலம்

தன்சல் நடக்கும் அந்த ஏ-9 வீதிக்கு வேறொரு கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் மாத்தளையின் அன்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாக மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா கடந்து மாத்தளைக்கு ஏறினார்கள். மாத்தளைதான் அந்த நடையின் முடிவு. அங்கிருந்துதான் அவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

வழியில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கொலராவும் அம்மையும் பசியும் சேர்ந்து அடித்தன. நடக்க முடியாதவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். வீதியோரம் கேட்பாரற்றுக் கிடந்த உடல்களைப் பற்றி அந்தக் காலத்து ஆங்கிலேயரே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் ஓயவில்லை. கோப்பி விலை ஏறியது, தோட்டங்கள் பெருகின. வழியில் கொட்டகை போட்டுத் தண்ணீர் வைக்கும் யோசனை மட்டும் ஆட்சியாளர்களுக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது.

பிழைத்து வந்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். வெப்பு நோய்க்கும் அம்மைக்கும் அஞ்சி நடந்தவர்கள் வேறு எந்தத் தெய்வத்தை நினைத்திருப்பார்கள்? இன்று நகர நடுவே 108 அடி இராசகோபுரத்தோடு நிற்கும் அந்த முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தில் மாசி மகத்துக்குப் பஞ்சரத பவனி நடக்கும். ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது கடைகளுக்கு முன்னால் தாகசாந்தி வைத்திருப்பார்கள். மோர், சர்பத், குளிர்ந்த தண்ணீர். சிங்களக் குடும்பங்களும் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் இதே நகரில்தான் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தேர் வரும் தெருவில் மோர் ஊற்றுகிறவர்களிலும் அவர்கள் உண்டு.

திரும்ப நடந்தவர்கள்

அப்படி நடந்து வந்த தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள்தான் மலையகத் தமிழர். 2023இல் அவர்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவு. அதை மேடை போட்டுக் கொண்டாடுவதோடு நிறுத்தாமல், முன்னோர் நடந்த வழியையே மீண்டும் நடப்பது என்று சிவில் அமைப்புகள் கூடி முடிவெடுத்தன. ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் கடந்து ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. தோட்டத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், மதகுருமார் என்று பலரும் சேர்ந்து நடந்தார்கள். கடும் வெயில். காலில் கொப்புளம் போட்டவர்கள் துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள்.

இம்முறை வழியில் தண்ணீர் இருந்தது. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களில் மக்கள் வீதிக்கு வந்து வரவேற்றார்கள். குடிக்கக் கொடுத்தார்கள், உணவு கொடுத்தார்கள், இரவு தங்க இடம் கொடுத்தார்கள். மலையகத்தார் எப்படி வந்தார்கள் என்ற கதையையே அன்றுதான் முதல்முறையாகக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

நடந்து வந்தவர்கள் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள், நன்றி சொன்னார்கள். அதோடு தங்கள் கோரிக்கைகளையும் மாத்தளை வரை சுமந்து வந்தார்கள். முன்னோரின் வரலாற்றுக்கும் உழைப்புக்கும் அங்கீகாரம், குடியிருக்கவும் பயிரிடவும் காணி உரிமை, வாழப் போதுமான ஊதியம், அரச சேவைகளில் தமிழுக்குச் சம இடம். வழியோரத்து ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதை அந்த நாட்களில் செய்துவிட்டார்கள். பட்டியலில் உள்ளவற்றைக் கொடுக்க வேண்டிய இடம் கொழும்பில் இருக்கிறது. மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் இருக்கும் பல குடும்பங்களின் பெயரில் இன்னும் ஒரு துண்டுக் காணி உறுதிகூட இல்லை.