குடலிறக்கமும் கொசு வலையும்

சான்பாடாவிலும், அதனை அடுத்த துர்பே மண்டியிலும், தாராவியிலும், செம்பூரிலும் உடலுழைப்பையே முதலாகக் கொண்டு வாழும் நம்மவர் பலர். அவர்களுள் ஆடவர் சிலர் வெளியிற் சொல்ல நாணி மறைக்கும் பிணி ஒன்று உண்டு. அதுவே குடலிறக்கம். தொடை இடுக்கில், இருமினாலும் பாரம் தூக்கினாலும் புடைத்தெழும், படுத்தால் உள்ளடங்கும்.

வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தின் வழியே குடல் பிதுங்குவதால் நேர்வது இது. மருந்தோ கச்சையோ அந்த வழியை அடைக்கமாட்டா. ரண சிகிச்சையே அடைக்கும். 1880-களில் இத்தாலிய வைத்தியர் பாசினி, தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கண்டார். இழுத்துத் தைத்த இடம் விண்ணென்று நிற்குமாதலின், சிலருக்குத் தையல் தளர்ந்து நோய் மீண்டது. அமெரிக்க வைத்தியர் லிக்டன்ஸ்டைன் 1989-இல் வெளியிட்ட முறையோ வேறு. கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவதுபோல், நலிந்த இடத்தின்மேல் செயற்கை இழைவலை ஒன்றை இழுவிசையின்றிப் பரப்பித் தைப்பர். வலைக்கண்களினூடே உடலின் நார்த்திசு வளர்ந்து, சுவர் உறுதிப்படும்.

ஆயின் வலையின் விலை ஏழைக்கு எட்டவில்லை. இதற்கு வழி தேடியவர் நம் மகாராஷ்டிரத்தவரே. துலே மாவட்டத்துத் தோண்டாயிச்சாவில் பணியாற்றிய டாக்டர் டோணகாவ்கர், கொசு வலைத் துணியைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்தினார். பல ஊர் வைத்தியர்களுடன் சேர்ந்து கண்ட பலனை 2003-இல் வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆடவரிடம் மலிவு வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். 2016-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் மலிவு வலை பெற்றவருள் ஒருவருக்கே நோய் மீண்டது. மற்றப் பிரிவில் எவருக்கும் மீளவில்லை. கடைக் கொசு வலை எதுவாயினும் ஆகும் என்று எவரும் கருதலாகாது. ஏற்ற இழையைத் தேர்ந்து, நுண்கிருமி நீக்கி, வைத்தியர் கையாள்வதாலேயே அது மருந்தாகிறது.

வலை வைத்த சிலருக்கு நாட்பட்ட வலியோ சீழோ உண்டாகலாம். தொல்லை தராத சிறு புடைப்பாயின், வைத்தியர் கண்காணிப்பிற் பொறுத்திருத்தலும் உண்டு. குழந்தைகளுக்குப் பொதுவாக வலை வேண்டுவதில்லை. இவற்றையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே கேட்டறிதல் நம் உரிமை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் கண்டால், குடல் நெரிபட்டு இரத்தவோட்டம் தடைப்பட்டிருக்கலாம். விடியட்டும் என்றோ, கூலி வரட்டும் என்றோ காத்திருத்தல் உயிருக்கே கேடு. சயான் ஆஸ்பத்திரியோ, வாஷி மாநகராட்சி ஆஸ்பத்திரியோ, அருகிலுள்ளதற்கு உடனே செல்லுக. இல்லத்து மகளிரும் நாணத்தை ஒதுக்கி ஆடவரிடம் இதைக் கேட்பார்களாக. ஒருநாட் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம். குடும்பத் தலைவனை ஈட்டுதற்கு வழியில்லை.