கசக்கினால் எலுமிச்சை!

பொதிகைச் சரிவுகளில் தன்போக்கில் வளரும் இந்தப் புல்லிடம் பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. ஒரு தாளைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்துப் பாருங்கள். அட, எலுமிச்சம்பழம்!

கசக்கும்வரை அந்த வாசம் எங்கே ஒளிந்திருந்தது? அங்கேதான் கூத்து. எலுமிச்சைப் புல்லின் இலைக்குள் குட்டிக் குட்டியாய் எண்ணெய் அறைகள். ஒவ்வொன்றின் சுவரும் மரம்போல் இறுகியது. உள்ளே பூட்டியிருக்கும் சரக்கு சிட்ரால். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஒரு கை பார்க்கும் வீரியம் அதற்கு. கசிந்தால் புல்லின் செல்களையே பதம் பார்த்துவிடும். பூட்டாமல் என்ன செய்யும்?

அடுப்படியை எட்டிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. புல் முதலில் சமைப்பது ஜெரானியால். ரோஜாவில் மணக்கிறதே, அதேதான்! அதிலிருந்து 2 ஹைட்ரஜன் அணுக்களை உருவினால் ரோஜா போய் எலுமிச்சை வந்துவிடுகிறது.

ஜெரானியால், சிட்ரால் இரண்டையும் இத்தாலியத் தேனீயும் வைத்திருக்கிறது. பின்புறத்தைத் தூக்கிச் சிறகடித்து, 'இங்கே வாங்கடி' என்று தோழிகளைக் கூப்பிடுவது இந்த வாசனையால்தான். அதனால்தான் தேனீ வளர்ப்பவர்கள் காலிப் பெட்டியில் 2 சொட்டு புல்லெண்ணெய் தடவிவிட்டுத் தேனீக்கள் குடியேறும் என்று காத்திருக்கிறார்கள்.

எண்ணெய் வடிப்பதில் ரகசியம் ஏதுமில்லை. புல்லை அண்டாவில் திணித்து நீராவி விட்டு, ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கும். 100 கிலோ பச்சைப் புல்லுக்கு அரைக் கிலோ தேறினால் அதிர்ஷ்டம். அதில் முக்கால் பங்கு சிட்ரால். 1893இல் ஜெர்மனியின் டீமனும் க்ரூகரும் சிட்ராலிலிருந்து அயனோன் செய்தார்கள். வயலட் பூ வாசம் கமகமத்தது. அந்த அயனோன் வழியாகவே 1947இல் ரோஷ் நிறுவனத்தின் ஓட்டோ இஸ்லர் வைட்டமின் ஏ தயாரித்தார். புல், ரோஜா, எலுமிச்சை, வயலட், கடைசியில் கண்ணுக்கு மருந்து. தலை சுற்றுகிறதா? எனக்கும்தான்.

ஒரே ஒரு மனத்தாங்கல். எண்ணெய்ப் புற்களை ஆராய்ந்து 1906இல் எழுதிய கியூ தாவரவியல் தோட்டத்து ஓட்டோ ஸ்டாப்ஃப், இந்தப் புல்லுக்குத் திருநெல்வேலியையும் திருவிதாங்கூரையும் சொந்த ஊராகக் காட்டுகிறார். உலகச் சந்தையில் அதன் எண்ணெய்க்குப் பெயரோ 'கொச்சி எண்ணெய்'! கப்பலேறியது அந்தத் துறைமுகத்தில் என்பதற்காக, நம்ம ஊர்ப் புல்லுக்கு அவங்க ஊர்ப் பேரா?

முண்டந்துறைப் பக்கம் போனால் கை துறுதுறுக்கும். பிடுங்கிவிடாதீர்கள், அது புலிகள் காப்பகம். நாற்றுப் பண்ணையில் ஒரு தூர் வாங்கித் தொட்டியில் நடுங்கள். டீ கொதிக்கும்போது 2 தாள் கிள்ளிப் போட்டால் போதும்.