சாக்கடை சொல்லும் கணக்கில் லயம் எங்கே?

பேராவில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில், கெல்லி மாளிகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் தெய்வச் சிற்பங்களோடு தொப்பி அணிந்த ஒரு வெள்ளைக்காரர் உருவமும் நிற்கிறது. கிந்தா கெல்லாஸ் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித்தான் அவர் என்பார்கள். மாளிகை கட்ட இந்தியாவிலிருந்து வரவழைத்த தொழிலாளர்கள் ஸ்பானிஷ் காய்ச்சலில் மடிய, மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுந்த கோயில் இது என்று உள்ளூரில் சொல்வதுண்டு. எத்தனை பேர் போனார்கள் என்பது வாய்ச்சொல்லாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டு தேறியது என்று சொல்ல அந்த வாய்ச்சொல்கூட இல்லை.

தோட்டத்தில் ஆளை எண்ணாத நாள் கிடையாது. விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள்; கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் அங்கே எண்ணப்பட்டது வேலைக்கு வந்த கைகளை. லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், சுருண்டு கிடந்தவர்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் மேற்பார்க்கும் கங்காணியும் மருந்து கொடுக்கும் டிரெசரும் சொன்னால்தான் உண்டு. 1918இல் மலாயாவில் அந்தக் காய்ச்சலால் மிக மோசமாக அடிபட்டவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் அடக்கம்.

நோய் எத்தனை பேரைத் தொட்டிருக்கிறது என்ற கேள்விக்கு, யாரையும் வரிசையில் நிறுத்தாமல் விடை தேடும் வழி ஒன்று இருக்கிறது. சாக்கடை நீரைச் சோதிப்பதுதான் அது. போலியோ வைரஸ் தொற்றியவரின் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். முதல் வகைப் போலியோவில் ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும், மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். முடங்கிய ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது, அதன் பின்னால் தொற்று கண்ட நூற்றுக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். 1939இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் போலியோ பரவியபோது, ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அந்த ஊர்க் கழிவுநீரிலேயே வைரஸ் இருப்பதைக் காட்டினார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1992க்குப் பிறகு மலேசியாவில் போலியோ இல்லை என்றிருந்த நிலையில், 2019 டிசம்பரில் சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்கு அது கண்டது. பிலிப்பீன்ஸில் பரவிய வைரஸோடு உறவுடைய வைரஸ் அது. சுகாதார அமைச்சு சபாவில் கழிவுநீர் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. முதல் வகை மட்டுமல்ல, இரண்டாம் வகைப் போலியோ வைரஸும் அதில் அகப்பட்டது. நோய்ப் பரவல் முடிந்ததென்று அறிவிக்க 2021 செப்டம்பர் வரை ஆயிற்று. நாடு முழுவதும் பதிவானது நான்கே நோயாளிகள். வைரஸ் அந்த நால்வரைத் தாண்டி நடமாடியதைக் காட்டிக்கொடுத்தது சாக்கடை.

கொரோனா காலத்தில் இந்த வழி உலகெங்கும் பரவியது. நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில், 2020 மார்ச்சில் முதல் நோயாளி பதிவாகுமுன்பே கழிவுநீரில் வைரஸ் தென்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத்தின் இரண்டு அரசு ஆய்வகங்கள் நகரின் சுத்திகரிப்பு நிலையங்களில் மாதிரி எடுத்து, ஏறக்குறைய 6.6 லட்சம் பேருக்கு, அதாவது நகர மக்களில் சுமார் 6 சதவீதத்தினருக்குத் தொற்றியிருக்கலாம் என்று மதிப்பிட்டன. அந்த வேளையில் தெலங்கானா மாநிலம் முழுவதற்குமான அரசுக் கணக்கு ஒரு லட்சத்தைத் தொடவில்லை.

கணக்குப் போடும் முறை கேட்க எளிது. ஒரு லிட்டர் நீரில் வைரஸின் மரபுக்கூறு எவ்வளவு என்று அளந்து, ஒரு நாளில் ஓடிய நீரின் அளவால் பெருக்க வேண்டும். அதைத் தொற்றுள்ள ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் வைரஸின் அளவால் வகுத்தால் ஆள் எண்ணிக்கை வரும். சிக்கல் அந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது. கொரோனா கண்ட எல்லோருடைய மலத்திலும் வைரஸ் வருவதில்லை. வருகிறவர்களிலும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். ஆகவே ‘6.6 லட்சம்’ போன்ற எண்ணைத் தலையெண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாரம் போன வாரத்தைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் சாக்கடையை நம்பலாம்.

அதற்கும் மழையைச் சமாளிக்க வேண்டும். ஈப்போவில் பிற்பகல் கொட்டும் மழையில் குழாய்களுக்குள் நீர் புகுந்தால் எல்லாம் நீர்த்துவிடும். அப்போது, மனிதக் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிய, ஆய்வகத்தார் இன்னொரு வைரஸையும் அளப்பார்கள். அது மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸ். மிளகாய் சேர்ந்த உணவு வழியே நம் வயிற்றுக்குள் போய், நமக்கு ஒன்றும் செய்யாமல் அப்படியே வெளியே வருகிறது. ஈப்போவின் புந்தோங் பகுதி வீடுகளின் மீன்குழம்பும் சம்பலும் இந்த அளவைக்கு ஒருநாளும் குறை வைக்காது.

பேராக்காரர்களால் நிபாவை மறக்க முடியாது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை, கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி மாதக்கணக்கில் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்தார். முடிவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். சாக்கடைச் சோதனை இருந்திருந்தால் தப்பியிருப்போமா? இல்லை. வழக்கமான சோதனை, பெயர் தெரிந்த வைரஸைத்தான் தேடும். நிபாவுக்கு அன்று பெயரே கிடையாது. இந்த வழியை ஆதரித்து எழுதும் நான் அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் இதில் என் மனதைப் பிடித்துக்கொண்ட ஒன்று உண்டு. சாக்கடை யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. 2020 மே முதல் நாள், கோலாலம்பூரில் கொரோனாவால் நடமாட்டம் முடக்கப்பட்ட பகுதியிலேயே குடிநுழைவு அதிகாரிகள் நுழைந்து ஆவணமில்லாதவர்களைப் பிடித்துப்போனார்கள். அதற்குப் பிறகு எந்த வெளிநாட்டுத் தொழிலாளி பரிசோதனைக்குத் துணிந்து வருவார்? அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேருவில், டாப் கிளோவ் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் பரவிய தொற்று 5,000 பேரைத் தாண்டியது. அதற்கு மூன்று மாதம் முன்பு, அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விடுதியின் கழிவுநீரில் வைரஸ் தெரிந்தவுடன் அங்கிருந்த 311 பேரையும் சோதித்து, அறிகுறியே இல்லாத இருவரைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்திவிட்டார்கள். மாணவருக்குச் செய்ததைத் தொழிலாளிக்கும் செய்திருக்கலாம்.

இனி நம் தோட்டங்களுக்கு வருகிறேன். ஈப்போ நகரத்தில் வீட்டுக் கழிவு குழாய் வழியே இண்டா வாட்டர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது; ஒரு நிலையத்தில் ஒரு பாட்டில் நீர் எடுத்தால் பல ஆயிரம் பேரின் செய்தி கிடைக்கும். சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பழைய தோட்டங்களில் அந்தக் குழாய் ஏது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; சனம் மலிவு விலை வீடுகளுக்கும் கம்பத்துக்கும் சிதறியது. மிஞ்சிய லயங்களிலும் கம்பத்து வீடுகளிலும் குழிக் கக்கூஸ் அல்லது செப்டிக் தொட்டி. நகரத்தில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டுப் பேராவின் நிலை இது என்று அறிவித்தால், செக்ரோலில் ஏறாதவர்கள் இங்கேயும் ஏறாமல் போவார்கள்.

தொட்டியை உறிஞ்ச வரும் லாரியிலிருந்து மாதிரி எடுக்கலாமே என்று தோன்றும். அந்தச் சேறு ஆண்டுக்கணக்கில் தேங்கியது. இந்த வாரத்துச் செய்தியை அதில் பிரித்தறிய முடியாது. சரியான இடம் தொட்டி வழிந்து சேரும் வாய்க்கால். 1948இல் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் என்பவர் பருத்தித் துணிச்சுருளைக் கயிற்றில் கட்டிச் சாக்கடையில் ஊறவிட்டு, பாராடைபாய்டு கிருமி எங்கிருந்து வருகிறது என்று தேடினார். அண்மையில் வேலூரில், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் டைபாய்டைத் தேட இதே துணிச்சுருளையும் பயன்படுத்தினார்கள். துணி, கயிறு, அதை எடுத்துவர ஓர் ஆள், ஈப்போவில் ஓர் ஆய்வகம்: இவ்வளவு போதும்.

நாற்பது வீடுகள் உள்ள லயத்தில் இது எண்ணிக்கை சொல்லாது. இருக்கிறது, இல்லை என்று மட்டுமே சொல்லும். ‘இருக்கிறது’ என்று வந்தால் நாற்பது வீட்டின் மீதும் ஊரார் விரல் நீளும். அதனால் முடிவு முதலில் அந்த நாற்பது வீட்டுக்குத் தெரியட்டும். பிறகு வரும் வண்டியில் தாதியும் மருந்தும் இருக்கட்டும், குடிநுழைவு அதிகாரி வேண்டாம். இந்த இரண்டும் எழுத்தில் உறுதியாகாமல் துணிச்சுருளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது.

எந்த வரிசை வீட்டுத் தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுந்து எந்த ஆற்றுக்குப் போகிறது என்பது, தோட்டம் கைமாறிய பல இடங்களில் எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கேயே பிறந்து பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தொற்று வருமுன், மாவட்டச் சுகாதார அலுவலகம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் போய் உட்கார வேண்டும்.