மின்வழங்கிப் பலகையில் எரிந்த உருகி

தொலைக்காட்சி, கணினி, செட்டாப் பாக்ஸ் போன்ற கருவிகளின் மின்வழங்கிப் பலகையில், மின்சாரம் நுழையும் இடத்திலேயே உருகி அமைந்திருக்கும். பேச்சு வழக்கில் பியூஸ் எனப்படும் இது பெரும்பாலும் 5 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. நீளமும் கொண்ட கண்ணாடிக் குழாய். உருகி தானாகக் கெடுவது அரிது. வேறொரு பாகம் பழுதானதால்தான் பெரும்பாலும் எரிகிறது. எனவே காரணத்தைத் தேடாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் நொடியில் போய்விடும்.

எரிந்த உருகியின் கண்ணாடியே முதல் தடயம். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால், அளவைச் சற்றே மீறிய மின்னோட்டமோ நாட்பட்ட தேய்மானமோ காரணமாகலாம். உட்புறம் கருகியோ வெள்ளிப் பூச்சுபோல் படிந்தோ இருந்தால், பலகையில் குறுக்குச்சுற்று இருக்கிறது என்று கொள்ளலாம்.

உருகியை அடுத்து, பொத்தான் வடிவில் இருப்பது வேரிஸ்டர். மின்னழுத்தம் திடீரென உயரும்போது தான் கடத்தி மற்ற பாகங்களைக் காப்பது இதன் வேலை. இந்திரன் இடியாக வந்து வேதகிரீசுவரரை வழிபடுகிறான் என்ற நம்பிக்கை உள்ள திருக்கழுக்குன்றத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடியில் முதலில் அடிவாங்கக்கூடியது இதுதான். மும்முனை இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தாலும் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். வேரிஸ்டர் வெடித்திருந்து மற்றவை நலமாக இருந்தால், அதையும் உருகியையும் மாற்றுவதே போதும்.

சோதனைக்கு முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். அதன் பிறகும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். இது உயிரைப் பறிக்க வல்லது. ஸ்குரூடிரைவரால் குறுக்கிடாமல், 10 கிலோ ஓம், 10 வாட் தடை வழியாக வடியவிட்டு, மல்ட்டிமீட்டரில் அளந்து உறுதிசெய்த பிறகே தொட வேண்டும்.

அடுத்து மல்ட்டிமீட்டரின் டயோடு நிலையில் பிரிட்ஜ் திருத்தியைப் பார்க்கலாம். நல்ல டயோடு ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், மறுதிசையில் கடத்தாது. இரு திசையிலும் சுழியம் காட்டினால் அது போய்விட்டது. அது சரியாக இருந்தால், வெப்பக்கவசத்தில் திருகப்பட்ட மாஸ்பெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர்: மாஸ்பெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் வெடிக்கும். அதன் சோர்ஸ் முனையிலுள்ள, ஒரு ஓமுக்கும் குறைவான தடையும், கேட் தடையும், கட்டுப்பாட்டு ஐசியும் சேர்ந்தே கெட்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

புதிய உருகி அதே ஆம்பியர், அதே வகையாக இருக்க வேண்டும். மூடியில் டி என்ற எழுத்து இருந்தால் தாமத உருகி, எஃப் இருந்தால் விரைவு உருகி. தாமத வகைக்குப் பதில் விரைவு வகையைப் போட்டால், மின்தேக்கி நிரம்பும் முதல் நொடியிலேயே எரியக்கூடும். செப்புக் கம்பி சுற்றுவது பலகையையே உருகியாக்கிவிடும்.

பழுதை நீக்கியபின், பழுதுபார்ப்போர் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மின்வழியில் தொடராக இணைத்துப் பலகைக்கு மின்சாரம் தருவது வழக்கம். பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் குறுக்குச்சுற்று இல்லை எனலாம். முழுப் பிரகாசத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, மீண்டும் பிரிட்ஜிலிருந்து தேட வேண்டும்.