நெஞ்செரிவும் இரைப்பைப் புண்ணும்

லயத்தை விட்டுப் புதிய இடத்துக்கு வந்திருக்கும் இந்த நாட்களில் சாப்பாட்டு நேரம் குழம்பியிருக்கும். விடியற்காலையில் சாயத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் பால்வெட்டுக்கோ கொழுந்தெடுக்கவோ போனால், மேல்வயிறு எரியும், புளியேப்பம் வரும். இதைக் ‘கேஸ்டிக்’ என்று சொல்லிப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நேரத்துக்குச் சாப்பிட்டால் அடங்கிவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் புண்ணாக இருக்கலாம்.

புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று முன்பு நம்பினார்கள். அவுஸ்திரேலிய வைத்தியர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இரைப்பையில் வாழும் ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற கிருமியை இனங்கண்டார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமியால் வரும் புண்ணை, வைத்தியர் தரும் மருந்தை இடையில் நிறுத்தாமல் எடுத்தால் குணப்படுத்தலாம்.

தோட்டத்தில் நாங்கள் அதிகம் பயப்படுவது வலி மாத்திரைக்குத்தான். முதுகு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவை இரைப்பையின் உட்சுவரைப் பலவீனமாக்கும். சிலருக்கு வலியே தெரியாது, இரத்தம் கசிந்த பிறகுதான் தெரியவரும். பரசிட்டமோல் இரைப்பையைப் புண்ணாக்காது. ஆனாலும் சொன்ன அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். இருதய நோய்க்குக் கிளினிக்கில் தந்த அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிறு எரிவதை அங்கே சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலைத் தடுக்கத் தரும் டொக்சிசைக்கிளின் வேறு கதை. எரிகிறது என்று அதைக் கைவிட வேண்டாம். சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். படுக்கப் போகும்போது தண்ணீரில்லாமல் விழுங்கினால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வயிற்றெரிவுக்கான பால்மருந்தையோ இரும்புச்சத்து மாத்திரையையோ அதோடு சேர்த்து எடுத்தால் அது சரியாக வேலை செய்யாது.

ஒமெப்ரசோல் தந்திருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு எடுங்கள். உடம்பு மெலிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ கிளினிக்கில் உடனே சொல்லுங்கள். குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

மலம் தார் போலக் கறுத்து ஒட்டினாலும், வாந்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்றதோ வந்தாலும், வயிறு திடீரென்று வலித்துப் பலகை போல் இறுகினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மேல்வயிற்று வலியோடு வியர்த்து மூச்சு வாங்கினால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பழைய டிவிஷன் பெயரைச் சொன்னால் வண்டி பழைய லயத்துக்கே போய்விடும். புதிய குடியிருப்பின் பெயரையும் பக்கத்திலுள்ள கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள். குடித்த மாத்திரைகளின் உறைகளைக் கையோடு கொண்டு போங்கள். சிங்களம் சரியாக வராவிட்டாலும் அவற்றைப் பார்த்தே வைத்தியர் புரிந்துகொள்வார்.