ஒரே லென்ஸ் எல்லாவற்றுக்கும் போதுமா?

காமிரா ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் இரண்டு லென்ஸுகளை எடுத்து உங்கள் முன் வைக்கிறார். ஒன்று காமிராவுடனேயே வரும் சிறிய லென்ஸ். அதன் விளிம்பில் 18–55 என்று பொறித்திருக்கிறது. மற்றொன்று தண்ணீர் நிறைந்த செம்பைப் போலக் கனக்கிறது. அதில் 18–200 அல்லது 18–300 என்று காண்கிறது. "இதை வாங்கிக்கொண்டால் வேறு லென்ஸே வேண்டாம். கோபுரம் முழுவதையும் எடுக்கலாம், நின்ற இடத்திலிருந்தே உச்சியிலுள்ள கலசத்தை மட்டும் எடுக்கலாம்" என்கிறார்.

அவர் சொல்வது உண்மையே. ஆனால் அதே விளிம்பில் இன்னோர் எண்ணும் உண்டு. அதைப் பற்றிக் கடைகளில் அதிகம் பேசுவதில்லை. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் ஆகையால், இரண்டு எண்களையும் படிக்கத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்வது நல்லது.

முதலில் பெரிய எண்ணைப் பார்ப்போம். 18, 200 என்பவை லென்ஸின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் குறிக்கின்றன. தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களைக் குவிலென்ஸ் எவ்வளவு தூரத்தில் ஒன்றுசேர்க்கிறதோ, அதுவே குவியத் தூரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். குவியத் தூரம் மிகுந்தால் பிம்பம் பெரிதாகும். ஆனால் பிம்பம் விழும் தகட்டின் அளவு மாறுவதில்லை. எனவே காட்சியின் ஒரு சிறு பகுதியே அதில் அடங்கும். ஏ.பி.எஸ்-சி என்னும் வகைக் காமிராக்களில் ஒளியுணர் தகடு ஏறத்தாழ 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உடையது. இத்தகைய காமிராவில் 18 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 76 பாகைக் கோணத்தைக் காட்டும், 200 மி.மீ. லென்ஸோ 8 பாகையைத்தான் காட்டும். முன்னது வீட்டுக் கூடத்திலேயே நின்று குடும்பத்தார் அனைவரையும் எடுக்க உதவும். பின்னது தென்னை ஓலையில் அமர்ந்த கிளியை எடுக்க உதவும். பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குத் தகடு கொண்ட காமிராவில் இதே கோணங்களைப் பெற 27 முதல் 300 வரை வேண்டியிருக்கும். ஆகவே எண்ணைக் கேட்கும்போது எந்தக் காமிராவுக்கு என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

ஒரே லென்ஸின் குவியத் தூரம் எப்படி மாறுகிறது? கண்ணாடியின் வளைவை மாற்ற முடியாதே! இதை நீங்களே ஒரு சிறு சோதனையால் காணலாம். 10 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிலென்ஸுகள் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் ஓர் இருண்ட அறையில், வெளிச்சமான ஜன்னலை நோக்கி இரண்டையும் ஒட்டிப் பிடியுங்கள். பின்னால் எண்ணெய் தடவிய தாளைக் காட்டினால் ஏறக்குறைய 5 செ.மீ. தூரத்தில் ஜன்னலின் தலைகீழ்ப் பிம்பம் விழும். இப்போது இரு லென்ஸுகளையும் 5 செ.மீ. விலக்குங்கள். சேர்ந்த குவியத் தூரம் 5 செ.மீ.யிலிருந்து 6.7 செ.மீ. ஆகிவிடுகிறது; பிம்பமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது. வியப்பு என்னவென்றால், பிம்பம் தெளிவாக விழத் தாளைப் பின்லென்ஸுக்கு இன்னும் நெருக்கமாக, சுமார் மூன்றரை செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். (ஜன்னல் வழியே சூரியன் நேராகத் தெரியும் வேளையில் இச்சோதனையைச் செய்யாதீர்கள், தாள் தீப்பற்றும், கண்ணும் கெடும்.)

ஜூம் லென்ஸின் தத்துவம் இவ்வளவே. உள்ளே பல லென்ஸுகள் சில தொகுதிகளாக அமைந்திருக்கும். நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது, உட்குழாயில் சாய்வாக வெட்டிய காடிகளின் வழியே அத்தொகுதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் நகரும். குவியத் தூரம் மாற வேண்டும். ஆனால் பிம்பம் விழும் இடம் மாறக்கூடாது. அதற்கு ஏற்றபடி காடியின் வளைவைக் கணக்கிடுவதே வடிவமைப்பாளரின் வேலை. எஞ்சும் சிறு பிழையை இன்றைய காமிராவில் தானாகக் குவிக்கும் மோட்டார் சரிசெய்துவிடுகிறது.

இக்கருத்து புதியதன்று. குவியத் தூரம் மாறும் லென்ஸுக்கு அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவர் 1902-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆயினும் 35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கென ஒரு ஜூம் லென்ஸ், ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்தின் 36–82 மி.மீ. 'ஜூமார்', 1959-இல்தான் விற்பனைக்கு வந்தது. இத்தனை காலம் ஏன் ஆயிற்று? ஒரு காரணம் கண்ணாடியின் பளபளப்பு. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும்போதும் வெளியேறும்போதும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திருப்பி அனுப்பப்படுகிறது. ஒரு லென்ஸில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் 2005-இல் வந்த நிக்கான் 18–200 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 16 கண்ணாடிகள் 12 தொகுதிகளாக அமைந்துள்ளன; அதாவது காற்றைத் தொடும் பரப்புகள் 24. ஒவ்வொன்றிலும் நான்கு பங்கு போனால், கடைசியில் தகட்டை அடைவது நூற்றுக்கு 38 பங்கு கூட இராது! திரும்பிய ஒளியும் சும்மா இருப்பதில்லை. உள்ளேயே அங்குமிங்கும் மோதிப் படத்தின் மேல் வெண்திரை போலப் படிந்துவிடும். 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலம் பூசி இவ்விழப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது இப்படலம்தான். இதுவும் கணிப்பொறியும் இல்லாதிருந்தால் இன்றைய பெரிய ஜூம்கள் இல்லை. 1992-இல் டாம்ரான் நிறுவனத்தின் 28–200 கைக்கடக்கமாக வந்தபோது அது ஒரு வியப்பு. 2017-இல் அதே நிறுவனம் 18–400 வரை வந்துவிட்டது.

இனி இரண்டாவது எண்ணுக்கு வருவோம். லென்ஸின் விளிம்பில் 1:3.5–5.6 என்றோ 1:3.5–6.3 என்றோ காணப்படும். குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 18-ஐ 3.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5 மி.மீ. சுண்டு விரல் நகத்தின் பாதி கூட இல்லை. 200-ஐ 5.6-ஆல் வகுத்தால் 36 மி.மீ. நீண்ட முனையிலும் 3.5 வேண்டுமென்றால் 57 மி.மீ., 2.8 வேண்டுமென்றால் 71 மி.மீ. துளை தேவை. துளை பெரிதானால் கண்ணாடி பெரிதாகும். எடையும் விலையும் கூடும். 200 மி.மீ. வரை 2.8-ஐக் காக்கும் தொழில்முறை ஜூம்களில் பல ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அவையும் 18-இலிருந்து அல்ல, 70-இலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே, தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் நடக்கக்கூடிய லென்ஸாக இருக்க வேண்டுமானால் நீண்ட முனையில் வெளிச்சத்தைக் கைவிட வேண்டும். தயாரிப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் இந்த வகுத்தல் கணக்கை அவரால் மாற்ற முடியாது.

எவ்வளவு வெளிச்சம் போகிறது? இந்த எண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் ஒளி குறையும். ஜூம் செய்யாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்று 1.8 என்னும் எண்ணுடன் மலிவாகவே கிடைக்கிறது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் ஏறத்தாழ 10 வருகிறது. அதாவது அந்தச் சிறிய லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையே பெரிய ஜூம் தன் நீண்ட முனையில் விடுகிறது.

வெயிலில் இது ஒரு குறையே அன்று. நமது நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் தருகிறது. அதில் ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, 5.6 துளையில் எடுத்தாலும், வினாடியில் 800-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் போதும். ஓடும் காளையும் அந்த நேரத்தில் உறைந்து நிற்கும். திருவிழாத் தேர், வயல்வெளி, கடற்கரை, பறவை, மலைப்பயணம் ஆகியவற்றுக்கு இந்த லென்ஸைவிட வசதியானது கிடையாது என்றே சொல்லுவேன். புழுதி பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்றினால் தூசி நேரே தகட்டில் ஒட்டும். ஒரே லென்ஸ் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

மாலையில் வீட்டுக்குள் வாருங்கள். குழல் விளக்கு எரியும் அறையில் வெளிச்சம் 100 முதல் 300 லக்ஸ் வரையே இருக்கும். வெயிலில் இருந்ததில் பல நூற்றில் ஒரு பங்கு. நம் கண் இதை உணர்வதில்லை. பாப்பா சுருங்கி விரிந்து நம்மை ஏமாற்றிவிடுகிறது. காமிராவை அப்படி ஏமாற்ற முடியாது. பள்ளி ஆண்டுவிழாவில் உங்கள் தங்கை பரதம் ஆடுகிறாள் என்க. 1.8 துளையில் 250-இல் ஒரு வினாடி போதுமாக இருந்த அதே மேடை வெளிச்சத்தில், 5.6 துளைக்கு 25-இல் ஒரு வினாடி வேண்டும். அதற்குள் கை ஒரு கோடாக இழுபட்டுவிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பத்து மடங்கு உயர்த்தலாம். அப்போது கை நிற்கும், முகமெங்கும் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும். பலர் இத்தகைய ஜூமை வாங்குவதே தொலைவிலிருந்து மேடையை எடுக்கலாம் என்றுதான். அது மிகவும் தடுமாறும் இடமும் அதுவே.

"இதில் நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு உண்டே!" என்று கேட்கலாம். உண்டு, மிக நல்ல அமைப்பும்கூட. 300 மி.மீ.க்கு ஒப்பான கோணத்தில் கையால் பிடித்து எடுக்க 300-இல் ஒரு வினாடியாவது வேண்டும் என்பது பழைய விதி. இவ்வமைப்பினால் 40-இல் ஒரு வினாடி வரை கூட இறங்கலாம். ஆனால் அது அடக்குவது உங்கள் கையின் நடுக்கத்தை. ஆடுபவளின் அசைவை அதனால் தடுக்க முடியாது. சிலை, கல்வெட்டு, கோயில் மண்டபத்துத் தூண் ஆகியவற்றுக்கு உதவும்; குழந்தைக்கு உதவாது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகன்ற கோணத்தில் நேர்கோடுகள் பீப்பாய் போல் புடைக்கும். ஜூம் செய்யச் செய்ய உள்நோக்கி வளையும். ஓரங்களில் நிறங்கள் பிரிந்து மெல்லிய கரையிடும். இவற்றுள் பெரும்பகுதியை இன்றைய காமிராவே கணக்கிட்டுத் திருத்திவிடுகிறது. துளையை 8-க்குச் சுருக்கினால் கூர்மையும் கூடும். இவற்றுக்காக இந்த லென்ஸை ஒதுக்க வேண்டியதில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது: 200 என்று பொறித்த எண் தொலைவான பொருளுக்கே பொருந்தும். சில அடி தூரத்திலுள்ள பூவை எடுக்கும்போது இவ்வகை லென்ஸுகள் பலவற்றின் குவியத் தூரம் உள்ளுக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். 'பூ ஏன் இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது?' என்று குழம்ப வேண்டாம்.

அப்படியானால் எதை வாங்குவது? இதுவரை கைப்பேசியிலோ பழைய காமிராவிலோ எடுத்த படங்களுள் உங்களுக்குப் பிடித்தவற்றை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை பகல் வெளிச்சத்தில் எடுத்தவையா, விளக்கொளியில் எடுத்தவையா? பகல் என்றால் தயங்காமல் பெரிய ஜூமை வாங்கலாம். அதிலும் 18–300, 18–400 என்று எண்ணின் பின்னால் ஓடாமல், 18–135 அல்லது 18–140 அளவில் நின்றுவிடுவது என் விருப்பம். எடை குறைவு, பணமும் மிஞ்சும். மிஞ்சும் பணத்தில் 1.8 எண்ணுள்ள 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கையளவுகூட இராது. விளக்கொளிப் படங்களே உங்களுக்கு முக்கியம் என்றால், காமிராவுடன் வரும் சிறிய லென்ஸும் இந்த 1.8 லென்ஸுமே போதும். மேடைக்கு 50 மி.மீ. எட்டாதே என்றால், முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டியதுதான்!

பழைய லென்ஸை வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். லென்ஸைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, ஜூம் வளையத்தை நடுவில் வைத்துக் கையை எடுங்கள். குழாய் தானாக நழுவி இறங்கினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. எடை மிகுந்த ஜூம்களில் இது சகஜம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். பிறகு பின்புறமிருந்து சிறு டார்ச் ஒளியைச் செலுத்தி முன்புறத்தைச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பதினாறு கண்ணாடிகளைப் பிரித்துத் துடைத்து மீண்டும் அதே இடத்தில் பொருத்துவது எளிதன்று. கூலி லென்ஸின் விலையையே எட்டிவிடலாம்.

புதிய லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஜூம் குழாய் நீண்டு சுருங்கும்போது துருத்தியைப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் அந்தக் காற்றில் ஈரமும் பூஞ்சண வித்துகளும் மிகுதி. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிகா ஜெல்லுடன் வையுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் உலர்த்தி, ஆறவிட்டு, மீண்டும் டப்பாவிலேயே போட்டுவிடலாம்.